அடி வாங்கப் பழகுவதற்குப் பெயர் ஸ்பாரிங் இல்லை

வாசகர் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 36. மூன்றரை ஆண்டுகளாகக் கராத்தே கற்கிறார், கறுப்புக்கு முந்தைய பிரவுன் பெல்ட். அவருடைய வகுப்பில் கட்டா, அதாவது அசைவுகளை வரிசை மாறாமல் தனியாகச் செய்யும் பயிற்சி உண்டு, ஒருவர் குத்த இன்னொருவர் தடுக்கும் ஜோடிப் பயிற்சி உண்டு. எதிராளியோடு சுதந்திரமாக மோதிப் பழகும் ஸ்பாரிங் மட்டும் கிடையாது. "நம்ம அடிகள் ஆபத்தானவை, அதை வைத்து விளையாட முடியாது. கட்டா சரியாக வந்தால் சண்டை தானாக வரும்" என்பது மாஸ்டரின் வாக்கு.

இரண்டு வாரத்துக்கு முன் நண்பர் ஒருவர் கூப்பிட்டார் என்று ஒரு கிக்பாக்ஸிங் கூடத்துக்குப் போயிருக்கிறார். அரை மணி நேரம் பையைக் குத்த விட்டார்கள். பிறகு ஹெட்கார்டும் கிளவுஸும் மாட்டி, 22 வயதுப் பையன் ஒருவனோடு இறக்கிவிட்டார்கள். "கையே எழவில்லை டாக்டர். மூன்றரை வருஷம் கற்றதில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை" என்று எழுதுகிறார். இரண்டாவது ரவுண்டில் தாடையின் பக்கவாட்டில் ஒரு அடி. மயங்கி விழவில்லை. ஆனால் சத்தமெல்லாம் கொஞ்ச நேரம் தூரத்திலிருந்து கேட்பதுபோல் இருந்திருக்கிறது. மூன்றாவது ரவுண்டையும் ஆடிவிட்டு, தானே பைக் ஓட்டிக்கொண்டு வீடு வந்தார். வந்த வழி சரியாக நினைவில்லை. இரண்டு நாள் தலைவலி. இன்றும் கணினித் திரையை ஒரு மணி நேரம் பார்த்தால் தலை கனக்கிறது.

கூடத்தில் "போகப் போகப் பழகிடும், தலை கெட்டியாகிடும்" என்று சொல்லி வரும் சனிக்கிழமைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஸ்கேன் எடுத்து ஒன்றுமில்லை என்றால் போகலாம் என்கிறார் நண்பர். நல்ல ஹெட்கார்டு வாங்கினால் போதும் என்று இவர் நினைக்கிறார். எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார் மனைவி. அதே வகுப்பில் படிக்கும் 11 வயது மகளையும் சேர்த்து. மாஸ்டருக்கு இதுவரை எதுவும் தெரியாது. கற்றதெல்லாம் வீணா, ஸ்பாரிங் வேண்டுமா வேண்டாமா, மகளை என்ன செய்வது என்று கேட்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

விளையாட்டு மருத்துவம் பார்க்கிற எனக்கு உங்கள் கடிதத்தில் முதலில் கண்ணில் பட்டது உங்கள் தலைதான். கராத்தேயைப் பற்றி அப்புறம் பேசலாம்.

சனிக்கிழமை போகாதீர்கள்

நேரில் பரிசோதிக்காமல் முடிவாகச் சொல்ல முடியாது என்றாலும், நீங்கள் எழுதியிருப்பது கன்கஷனின் அடையாளங்கள். மூளை அதிர்வு என்று சொல்லலாம். சத்தம் தூரத்தில் கேட்டது, வழி நினைவில்லாதது, இரண்டு நாள் தலைவலி எல்லாம் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. "மயங்கவில்லையே" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். கன்கஷன் வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் மயங்குவதே இல்லை. நின்றுகொண்டே, பேசிக்கொண்டே, அடுத்த ரவுண்டை ஆடிக்கொண்டேகூட அது இருக்கும். அந்த மூன்றாவது ரவுண்டும், தனியாக வண்டி ஓட்டியதும்தான் எனக்குப் பெரிய கவலை. அங்கேயே யாராவது உங்களை உட்காரவைத்திருக்க வேண்டும். உட்காராமல் ஆடியது உங்கள் தப்பில்லை. சொல்லித் தராதவர்கள் தப்பு.

ஸ்கேன் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கேன் தேடுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும். கன்கஷன் என்பது மூளை வேலை செய்யும் விதத்தில் வரும் கோளாறு என்பதால் வழக்கமான ஸ்கேனில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. ஸ்கேன் சுத்தமாக இருப்பதற்கும் நீங்கள் சண்டைக்குத் தயாராக இருப்பதற்கும் சம்பந்தமில்லை.

பெரியவர்களுக்குப் பொதுவாக 10 முதல் 14 நாளில் சரியாகிவிடும். உங்களுக்கு இரண்டு வாரம் ஆகியும் திரையைப் பார்த்தால் தலை கனக்கிறது என்றால் இந்த வாரமே ஒரு டாக்டரிடம் நேரில் காட்டுங்கள். அதற்குள் தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, கை கால் பலவீனமானாலோ, பேச்சு குழறினாலோ, எழுப்பக் கஷ்டப்படும் அளவுக்குத் தூங்கினாலோ, வலிப்பு வந்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மனைவியிடமும் இந்தப் பட்டியலைக் காட்டிவிடுங்கள். சில அடையாளங்கள் கூட இருப்பவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

அதற்காக இருட்டறையில் படுத்துக் கிடக்க வேண்டாம். 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் வகுத்த வழிமுறையைத்தான் நாங்கள் இப்போது பின்பற்றுகிறோம். முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு. பிறகு அன்றாட வேலை, நடை, லேசான சைக்கிள், தலையில் அடிபட வாய்ப்பே இல்லாத தனிப் பயிற்சி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். உங்கள் விஷயத்தில், டாக்டர் சரி என்றால் தனியாகக் கட்டா செய்யலாம், தொந்தரவு கூடினால் நிறுத்திவிட வேண்டும். ஆனால் எதிரில் ஒரு ஆள் நின்று அடிக்கும் பயிற்சி, அடையாளம் ஒன்றுகூட மிச்சமில்லாமல் போய், உடம்பை வருத்தியும் அது திரும்ப வராமல், டாக்டரும் சம்மதித்த பிறகுதான். ஆறாத மூளையில் விழும் இரண்டாவது அடி, முதல் அடியைவிட லேசாக இருந்தாலும் அதிகம் கெடுக்கும்.

ஹெட்கார்டும் கெட்டித் தலையும்

ஹெட்கார்டு வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. புருவம் கிழியாது, காது நசுங்காது, தலையும் தலையும் மோதினால் மண்டை வீங்காது. ஆனால் மூளையை அது காப்பாற்றும் என்று நம்பி ரிங்கில் ஏறாதீர்கள். மூளை மண்டைக்குள் திரவத்தில் மிதக்கிறது. தாடையில் பக்கவாட்டாக அடி விழும்போது தலை சடாரென்று திரும்புகிறது, உள்ளே இருக்கும் மூளை அந்தத் திருப்பத்தோடு முறுக்கப்படுகிறது. வெளியே இருக்கும் பஞ்சு அந்தத் திருப்பத்தைத் தடுப்பதில்லை. போதாததற்கு, தலையைப் பெரிதாக்கிப் பக்கப் பார்வையையும் கொஞ்சம் மறைக்கும். அமெச்சூர் குத்துச்சண்டையில் 2013-இல் ஆண்கள் மேல்நிலைப் போட்டிகளுக்கு ஹெட்கார்டையே எடுத்துவிட்டார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் வெறுந்தலையோடுதான் மோதினார்கள். அந்த முடிவு சரியா தவறா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் ஹெட்கார்டு கவசம் என்ற நம்பிக்கை எவ்வளவு தளர்ந்துவிட்டது என்பதற்கு அது சாட்சி.

'தலை கெட்டியாகிடும்' என்று உங்களிடம் சொன்னவர் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கலாம். அது பொய். தசை பழகும். உதைத்து உதைத்து முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்புகூட ஓரளவு உறுதிப்படும். மூளை பழகாது, வாங்கியதைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். குத்துச்சண்டைக்காரர்களின் தள்ளாட்டத்தையும் குழறலையும் பற்றி ஹாரிசன் மார்ட்லேண்ட் என்ற மருத்துவர் 1928-லேயே எழுதிவிட்டார். மயங்கவைக்காத சின்னச் சின்ன அடிகளும் வருடக்கணக்கில் விழுந்தால் கணக்கில் ஏறும் என்பதுதான் அதற்குப் பிந்தைய ஆராய்ச்சிகள் மேலும் மேலும் காட்டுவது.

மூன்றரை வருடம் எங்கே போனது?

எங்கும் போகவில்லை. ஆனால் அன்றைக்கு ஏன் கை எழவில்லை என்பது உங்களுக்குப் புரிய வேண்டும்.

உங்கள் ஜோடிப் பயிற்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எதிரில் நிற்பவர் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு காலடி முன்னே வைத்து, நெஞ்சுக்கு நேராகக் குத்துகிறார். குத்திய கை அங்கேயே நிற்கிறது. நீங்கள் தடுத்து, திரும்பக் குத்தி, குரல் எழுப்பி முடிக்கும்வரை அது நகராது. எந்தக் கை வரும், எங்கே வரும், எப்போது வரும் என்ற மூன்றும் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அந்தப் பையனின் கை அப்படி நின்றதா? வந்த வேகத்தைவிட வேகமாகத் திரும்பிப் போயிருக்கும், பின்னாலேயே அடுத்தது வந்திருக்கும்.

ஒரு விளக்கு எரிவதைப் பார்த்து விரலால் பொத்தானை அழுத்தவே மனிதனுக்கு ஏறத்தாழ 0.2 விநாடி ஆகிறது. என்ன வரப்போகிறது என்று தெரியாமல், பல பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் இன்னும் கூடும். கிட்டத்தில் இருந்து வரும் குத்து அதற்குள் வந்து சேர்ந்துவிடும். அப்படியானால் நன்றாக ஆடுகிறவர்கள் எப்படித் தப்பிக்கிறார்கள்? அவர்கள் குத்தைப் பார்த்து நகர்வதில்லை. முன்காலில் எடை ஏறுவதையும், தோள் லேசாகச் சுழல்வதையும், நடுவில் இருக்கும் இடைவெளி ஒரு சாண் குறைவதையும் படித்துவிடுகிறார்கள். இந்தப் படிப்பு கண்ணாடி முன் வராது, பையிடமும் வராது. உங்களை ஏமாற்ற நினைக்கிற ஒரு ஆள் எதிரில் இருந்தால்தான் வரும். எனக்கு ஸ்பாரிங் மேல் இருக்கும் மதிப்புக்கு முதல் காரணம் இதுதான்.

இன்னொரு காரணம் மூச்சு. கல்லூரி நாட்களில் நான் ஜூடோ பழகினேன், எதிராளியைப் பிடித்து வீசும் கலை. விழுவதற்கும் வீசுவதற்கும் மாதக்கணக்கில் சொல்லிக் கொடுத்த பிறகு, முதல் முறையாக ராண்டோரிக்கு, அதாவது சுதந்திரப் பயிற்சிக்கு நிறுத்தினார்கள். ஒரு நிமிடத்தில் விரல்கள் மரத்துப்போய், எதிராளியின் காலர் நழுவியது. என்னைப் பிடித்துக்கொண்டிருந்த சீனியர் அண்ணன் என்னை வீசவில்லை. காதருகே குனிந்து, "மூச்சு விடுப்பா" என்றார். அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்பதே எனக்குத் தெரியாது. விட்டேன். கை திரும்ப என் கையாயிற்று. நெருக்கடியில் என் உடம்பு என்ன செய்யும் என்று எனக்கு முதன்முதலில் காட்டியவர் அவர். உங்கள் 'கையே எழவில்லை' அதே விஷயம்தான். அது கோழைத்தனம் இல்லை. முதல் முறை எல்லோருக்கும் நடப்பது. உங்களுக்கு அந்த முதல் முறையிலேயே ஒரு அந்நியனையும் முழு வேக அடியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

ஆகவே நண்பரே, நீங்கள் நிற்கும் நிலையும் இடுப்பும் குத்தின் வடிவமும் உங்களிடமே இருக்கின்றன. எப்போது, எவ்வளவு தூரத்தில் என்ற இரண்டும்தான் இல்லை. அதைச் சேர்த்துக்கொள்ள இன்னொரு மூன்றரை வருடம் ஆகாது.

'ஆபத்தான அடி, விளையாட முடியாது'

உங்கள் மாஸ்டரைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் நிற்கும் இடத்துக்கு ஒரு பாரம்பரியம் இருக்கிறது. கராத்தேயில் ஷோட்டோகான் என்ற பிரிவின் தந்தையான ஃபுனாகோஷி கிச்சின்கூட சுதந்திரமாக மோதும் பயிற்சியை விரும்பாதவர்தான். அவருடைய மாணவர்கள் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். அவர் மறைந்த 1957-ஆம் ஆண்டிலேயே ஜப்பான் கராத்தே சங்கத்தின் முதல் தேசியப் போட்டி நடந்தது.

ஆனால் ஆபத்தானது என்பதால் பழகிப் பார்க்கவே முடியாது என்பதை நான் ஏற்க மாட்டேன். 1882-இல் ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ இதே சிக்கலுக்கு முகம் கொடுத்தார். பழைய ஜப்பானியச் சண்டைக் கலையான ஜுஜுத்ஸுவில் இருந்த குத்து, உதை போன்றவற்றைக் கட்டாவில் பத்திரமாக வைத்தார். முழு பலத்தோடு செய்தும் எதிராளி எழுந்து நிற்கக்கூடிய வீச்சுகளையும் பிடிகளையும் ராண்டோரிக்கு எடுத்துக்கொண்டார். கொடூரமான பத்து அடிகளை நினைவில் மட்டும் வைத்திருப்பவனைவிட, திமிறும் ஆளிடம் ஆயிரம் முறை செய்து பார்த்த இரண்டு வீச்சு உள்ளவன் கையில் வேலை அதிகம் இருக்கும். ஜப்பானிய வாள்வீச்சான கெண்டோ பழகுகிறவர்களும் இதைத்தான் செய்தார்கள். வாளுக்குப் பதில் மூங்கில், உடம்புக்குக் கவசம். கண்ணைக் குத்தும் அடியை ஸ்பாரிங்கில் வைக்க முடியாதுதான். ஆனால் கண்ணைக் குத்தும் தூரத்துக்குள் பத்திரமாகப் போய்த் திரும்பத் தெரியாதவனுக்கு அந்த அடியே இல்லை.

வேகம் வேண்டும், பலம் வேண்டாம்

மேலே சொன்ன எதற்கும் பலமான அடி தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். தூரம், நேரம், ஏமாற்று, மூச்சு எல்லாமே லேசான தொடுதலிலும் கிடைக்கும். தாய்லாந்தின் குத்துச்சண்டையான முய் தாய் முகாம்களில் அடிக்கடி போட்டிக்குப் போகிறவர்கள் பயிற்சியில் சிரித்துக்கொண்டு, பூப்போலத் தொட்டு ஆடுவதைப் பார்க்கலாம். அடுத்த போட்டிக்கு உடம்பு வேண்டும் அல்லவா?

லேசாக ஆடலாம் என்று பேசிவிட்டுத் தொடங்கினால் ஐந்து நிமிடத்தில் சண்டையாகிவிடுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு உடலியல் காரணம் உண்டு. நாம் கொடுக்கும் விசையை நம் மூளை குறைத்தே உணர்கிறது, வாங்கும் விசையை முழுசாக உணர்கிறது. "அவன் அடித்த அளவுதானே நானும் அடித்தேன்" என்று இரண்டு பேரும் மனசாரச் சொல்வார்கள், இரண்டு பேரும் கூட்டிக்கொண்டே போயிருப்பார்கள். அதனால் வாங்கியதில் பாதிதான் கொடுப்பேன் என்று ஆரம்பத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். பார்த்துக்கொண்டு நிற்கும் மூன்றாவது ஆள் ஒருவர் கட்டாயம் வேண்டும்.

குணமான பிறகு நீங்கள் தொடங்க வேண்டிய வரிசை இது:

- கை வெறுமையாக, எதிராளியின் தோளையும் முழங்காலையும் தொடும் ஆட்டம். இரண்டு வாரம் இது மட்டும் போதும்.
- ஒருவர் முன்னால் இருக்கும் கையால் மட்டும் குத்த, இன்னொருவர் நகர்ந்து தப்ப மட்டும் செய்வது. எப்போது குத்து வரும் என்று சொல்லக் கூடாது.
- கழுத்துக்குக் கீழே மட்டும், மவுத்கார்டோடு, இரண்டு நிமிட ரவுண்டு.
- தலை கடைசியில். அதுவும் வேண்டுமானால் மட்டும், தட்டிக்கொடுக்கும் அளவில்.

மூன்றாவதோடு நிறுத்திக்கொண்டாலும் நான் உங்களைப் பாராட்டுவேன். போட்டிக்குப் போகாத 36 வயதுக்காரருக்கு ஸ்பாரிங் தரக்கூடியதில் பெரும் பங்கு அதற்குள்ளேயே கிடைத்துவிடும்.

எந்த இடத்தில்?

உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. இப்போதைய வகுப்பிலேயே மாஸ்டரிடம் பேசி இதைத் தொடங்குவது, கட்டாவுக்கு இங்கேயும் ஸ்பாரிங்குக்கு வேறொரு நல்ல இடத்துக்கும் போவது, அல்லது முழுசாக மாறிவிடுவது. அதே கிக்பாக்ஸிங் கூடத்துக்குத் திரும்புவதை நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. புதிதாக வந்தவரை முதல் நாளே, எவ்வளவு பலம் என்று பேசாமல், தலைக்கு அடிக்க விட்ட இடம் அது. அடிபட்ட பிறகும் மணியடித்து அடுத்த ரவுண்டை ஆரம்பித்த இடம்.

வேறு இடம் தேடினால் சேருவதற்கு முன் ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். அங்கே இருப்பதிலேயே பலசாலி, இருப்பதிலேயே பலவீனமானவரோடு எப்படி ஆடுகிறார் என்பதை மட்டும் கவனியுங்கள். அதற்கு மேல் எந்தச் சான்றிதழும் எனக்குத் தேவைப்படாது. தலையில் அடிபட்டவரை என்ன செய்வீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். "அன்றைக்கு அவருக்குப் பயிற்சி முடிந்தது" என்ற பதில் தயங்காமல் வர வேண்டும்.

ஒன்று நினைவிருக்கட்டும். கிளவுஸ் மாட்டிக்கொண்டதால் எவ்வளவு பலமான அடியையும் வாங்க நீங்கள் சம்மதித்ததாக ஆகாது. பேசிக்கொண்ட விதிக்குள் வரக்கூடிய அடிக்குத்தான் உங்கள் சம்மதம். பாதியில் கையை உயர்த்தி "போதும்" என்று சொல்லும் உரிமை எந்த பெல்ட்டுக்கும் உண்டு. அதைக் கேட்டு முகம் சுளிப்பவரோடு இரண்டாவது முறை ஆடாதீர்கள்.

மகள், மனைவி, மாஸ்டர்

மகளை நிறுத்த வேண்டாம். ஆனால் தலைக்கு அடிக்கும் ஸ்பாரிங் 11 வயதுக்கு வேண்டவே வேண்டாம். குழந்தைகளுக்குக் கன்கஷன் ஆற நான்கு வாரம்வரை ஆகலாம், தங்களுக்கு என்ன செய்கிறது என்று அவர்களுக்குச் சொல்லவும் தெரியாது. தோளைத் தொடும் ஆட்டமும், இடுப்பில் செருகிய துணியைப் பறிக்கும் ஆட்டமும் அவளுக்கு இன்றைக்கே சரியான ஸ்பாரிங். தூரமும் ஏமாற்றும் அவளுக்கு உங்களைவிடச் சீக்கிரம் வரும், பாருங்கள். போட்டி ஆசையை இப்போது கிளப்ப வேண்டாம். வெற்றி மட்டுமே குறி என்ற போக்கு பெரியவர்களையே பிடித்தாட்டுகிறது என்று, 2022-இல் ஜப்பான் ஜூடோ சம்மேளனம் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கான தேசிய தனிநபர் போட்டியையே நிறுத்திவிட்டது.

உங்கள் மனைவி சொல்வதில் தலையைப் பற்றிய பாதி முழுக்கச் சரி. அதை அப்படியே ஒப்புக்கொள்ளுங்கள். டாக்டரைப் பார்க்கும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மேலே இருக்கும் நான்கு படியையும் காட்டி, எதுவரை போகலாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

மாஸ்டரிடம் போக வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். போங்கள். வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, நடந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். "உங்கள் பயிற்சி உதவவில்லை" என்று ஆரம்பிக்க வேண்டாம். "மாஸ்டர், எனக்குத் தூரம் தெரியவில்லை. அடிக்காமல், தோளைத் தொடும் ஆட்டமாக ஒரு பத்து நிமிடம் வகுப்பின் கடைசியில் வைத்துப் பார்க்கலாமா? முதலில் உங்களோடு" என்று கேளுங்கள். அவர் சரி என்றால் நீங்கள் வேறு இடம் தேட வேண்டிய அவசியமே வராமல் போகலாம். மாட்டேன் என்றால் கோபப்படாமல் கட்டாவுக்கு அங்கேயே தொடருங்கள், ஸ்பாரிங்குக்கு வேறு இடம் பாருங்கள்.

டாக்டரைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். தலை கனப்பது எந்த நாளில் நின்றது என்ற தேதியையும் குறித்து வையுங்கள். அடுத்த படிக்கான கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்கும்.